கிர்ணிக் கொடியா, சுவரில் படரும் அழகுக் கொடியா: சென்னை வீட்டுக்கு எதை, எங்கே, எப்படி வைப்பது

சென்னையில் வீட்டில் ஒரு கொடி வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு ஆசைகளில் ஒன்று இருக்கிறது. கோடையில் சாலையோரம் குவித்து விற்கும் கிர்ணிப்பழத்தை நம் மொட்டை மாடியிலேயே காய்க்க வைத்துப் பறிக்க வேண்டும் என்பது ஒன்று. வெயிலில் வெளிறிப்போன மதிற்சுவரைப் பசுமையாக மூடிவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ‘கொடி’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால், இரண்டுக்கும் ஒரே வகையான இடமும் ஒரே வகையான கவனிப்பும் போதும் என்று எண்ணிவிடுகிறோம். கிர்ணிக் கொடி சுமார் மூன்று மாதத்தில் தன் வாழ்வை முடித்துக்கொள்வது. ஐவி, சுவர் அத்தி போன்றவை பல ஆண்டுகள் நம்மோடு இருப்பவை. ஆனால் காலத்தைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று உண்டு. ஒரு கொடி எதைக் கொண்டு, எதைப் பிடித்து ஏறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், அதை எங்கே வைப்பது, எப்படிக் கவாத்து செய்வது, கட்டடத்துக்கு என்ன செய்யும் என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

பிடிமானத்தில் தொடங்கும் வேறுபாடு

கிர்ணி, வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு கணுவிலும் இலைக்காம்பின் பக்கத்தில் கிளைக்காத ஒரே ஒரு பற்றுக்கம்பி நூல்போல நீண்டு வரும். அது காற்றில் மெல்லச் சுழன்று, மெல்லிய பொருள் ஏதேனும் தட்டுப்பட்டால் சில மணி நேரத்தில் அதைச் சுற்றிக்கொள்ளும். பிறகு நடுப்பகுதி சுருண்டு ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். பலத்த காற்றில் கொடி அறுந்துபோகாமல் காப்பது இந்தச் சுருள்தான். பற்றுக்கம்பியால் விரல் பருமனைவிடத் தடித்த எதையும் பிடிக்க முடியாது. ஆகவே வெறும் சுவர், தூண், பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றின் பக்கத்தில் கிர்ணியை வைத்தால் அது தரையிலேயே கிடக்கும். கயிறோ வலையோ கட்டாயம் வேண்டும்.

ஐவியும், சென்னைச் சுவர்களில் மிகுதியாகக் காணப்படும் சுவர் அத்தியும் வேறு விதம். நர்சரிகளில் பொதுவாக ‘க்ரீப்பர்’ என்று கேட்டாலே எடுத்துத் தருகிற சின்ன இலைக் கொடிதான் சுவர் அத்தி. இவற்றுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. வெற்றிலையும் மிளகும் ஏறுவதைப் போலத் தண்டிலிருந்து பற்றுவேர்கள் புறப்பட்டு, பசை போன்ற பொருளைச் சுரந்து, சொரசொரப்பான பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இவற்றுக்குக் கயிறு தேவையில்லை, சுவரே போதும். ஒட்டிய இடத்தை எளிதில் விடவும் மாட்டா.

நாற்று வாங்கும்போது இந்த அறிவு உடனே பயன்படும். இளம் கிர்ணி இலைக்கும் ஐவி இலைக்கும் மடல் மடலாக ஓரளவு ஒத்த தோற்றம் உண்டு. இலையைத் தடவிப் பாருங்கள். கிர்ணி இலை மெல்லியதாக, ரோமம் படர்ந்து, கைக்குச் சொரசொரப்பாக இருக்கும். ஐவி இலை தோல்போலத் தடித்து, பளபளப்பாக, மூன்று முதல் ஐந்து மடல்களோடு இருக்கும். தண்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பல் துலக்கும் பிரஷின் முடியைப் போலக் குட்டையான வேர்கள் வரிசையாகத் தெரியும்.

வெயிலைக் கணக்கிடுவது

கிர்ணிக்கு நாள்தோறும் 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் கொடி நீளுமே தவிரப் பழத்தில் இனிப்பு ஏறாது. ஐவிக்கு அந்த வெயில் ஆகவே ஆகாது. சுவர் அத்தி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள சுவரில் நன்றாகப் படரும், வேரூன்றியபின் முழு வெயிலையும் தாங்கிக்கொள்ளும்.

இதில் சென்னைக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நகரம் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், தை மாதத்தில் நண்பகல் சூரியன் தென்புறமாகச் சாய்ந்து நிற்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகலில் வடபுறமாக நிற்கும். ஆகவே ஜனவரியில் நிழலாக இருக்கும் வடக்குச் சுவர் மே, ஜூன் மாதங்களில் நல்ல வெயிலைப் பெறும். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே பையை வைத்தால் ஜனவரியில் முளைத்த கிர்ணி நாற்று நிழலில் வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். விதைக்கும் நாளில் தெரிகிற வெயிலை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டாம். விதைப்பு முதல் அறுவடை வரை வெயில் எப்படி நகரும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிர்ணியை வளர்க்கும் முறை

தமிழ்நாட்டில் கிர்ணிக்கு ஏற்ற பட்டம் ஜனவரி, பிப்ரவரி. பொங்கல் முடிந்த கையோடு விதைப்பதுதான் சென்னை மாடிக்கு மிகவும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அப்போது விதைத்தால் பூக்கும் காலம் பிப்ரவரி இறுதி, மார்ச் மாதங்களில் அமையும். பழம் ஏப்ரலில் வரும். மார்ச் இறுதியில் விதைத்தால் பூக்கும் காலம் கத்திரி வெயிலில் போய் முட்டும். 38 பாகைக்கு மேல் வெப்பம் போகும் நாட்களில் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிர்ணியை முயலவே வேண்டாம். ஈரத்தில் இலைகள் அடிச்சாம்பல் நோயால் கருகும். தப்பிப் பிழைக்கும் பழமும் வெடிக்கும், இனிக்காது.

வகைகளில், பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஆர்கா ஜீத் சிறிய பழம் தருவது. கயிற்றில் ஏற்றி வளர்க்க இதுவே ஏற்றது. அதே நிறுவனத்தின் ஆர்கா ராஜ்ஹன்ஸ் பழம் ஒரு கிலோவைத் தாண்டும். தரையில் படரவிட இடம் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கொடிக்கு 15 அங்குல அகலமும் 15 அங்குல ஆழமும் உள்ள ஒரு வளர்ப்புப் பை போதும். செம்மண், நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள். நீர் ஊற்றியபின் இப்படிப்பட்ட பை ஒன்று 40 கிலோ வரை எடை பிடிக்கும் என்பதால், பழைய கட்டடங்களில் பைகளைக் கூரையின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் அல்லது உத்தரம் இருக்கும் ஓரங்களில் செங்கல் மேல் வரிசையாக வைப்பது நல்லது. விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, ஒரு பைக்கு இரண்டாக, 1 முதல் 2 செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். வலுவான நாற்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசைந்துவிடும்.

முளைத்த முதல் இரண்டு வாரம் சிவப்பு வண்டு வித்திலைகளைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் கையால் பிடித்துச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். இலைமேல் சலித்த விறகுச் சாம்பலைத் தூவுவது நம் ஊர்ப் பழக்கம். சிறு தோட்டத்துக்கு அதுவே போதும்.

கொடி ஏற இரும்புக் கம்பியைவிடத் தென்னங்கயிறு நல்லது. கம்பி வெயிலில் சுடும்; வழுக்கவும் செய்யும். 10 முதல் 15 செண்டிமீட்டர் கண் உள்ள நைலான் வலையும் சரிதான். தலைக்கொடியில் ஐந்தாறு இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பலருக்கு இதைச் செய்ய மனம் வருவதில்லை. ஆனால் காய் பிடிக்கும் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளின் முதல் சில கணுக்களில்தான் வருகின்றன என்பதால் இந்தக் கிள்ளல் இல்லாமல் விளைச்சல் இல்லை. இரண்டு அல்லது மூன்று பக்கக் கிளைகளை மட்டும் வளரவிடுங்கள்.

முதலில் கொத்தாக வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். காய்க்கும் பூ அதன்பின் ஒருசில நாட்கள் கழித்துத் தனியாக வரும். இதழ்களுக்குக் கீழே மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, வெண்மையான பூனைமுடி போர்த்த ஒரு பிஞ்சு உட்கார்ந்திருப்பதே அதன் அடையாளம். கிர்ணியின் மகரந்தம் கனமானது, ஒட்டுவது, காற்றில் பறக்காது. தேனீ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாம் செய்ய வேண்டும். மூன்றாம் மாடிக்கு மேலே தேனீயை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல. காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையே அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை மடித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடி பெண் பூவின் சூலக முடியில் படும்படி மெதுவாக இரண்டு மூன்று முறை தொடுங்கள். பூவின் ஆயுள் ஒரு நாள்தான். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. பலித்தால் சில நாட்களிலேயே பிஞ்சு பருக்கத் தொடங்கும். பலிக்காவிட்டால் மஞ்சளாகி விழுந்துவிடும். பை ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று காய்களுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். பேராசையால் ஐந்தாறு விட்டால் அத்தனையும் சப்பென்று இருக்கும்.

பழ ஈதான் சென்னையில் கிர்ணிக்குப் பெரும் எதிரி. கட்டைவிரல் அளவுப் பிஞ்சின் தோலில் ஊசி குத்தினாற்போன்ற ஒரு புள்ளியும், அதிலிருந்து கண்ணாடித் துளிபோல வடிந்து உறைந்த பிசினும் தெரிந்தால் உள்ளே முட்டை இட்டாகிவிட்டது என்று பொருள். அந்தப் பிஞ்சைப் பறித்து, குப்பையில் எறியாமல் நெகிழிப் பையில் கட்டி வெயிலில் வைத்துவிட வேண்டும். வராமல் தடுக்க, பிஞ்சு எலுமிச்சை அளவை எட்டுமுன் மெல்லிய துணிப்பையாலோ செய்தித்தாள் உறையாலோ மூடிவிடலாம். இனக்கவர்ச்சிப் பொறியும், நனைத்த கருவாட்டுத் தூளை வைத்துச் செய்யும் கருவாட்டுப் பொறியும் உழவர்கள் கையாளும் வழிகள்; அடுக்குமாடியில் கருவாட்டுப் பொறியை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இலையில் மாவு தூவினாற்போலச் சாம்பல் நோய் வந்தால் அடி இலைகளைக் களைந்துவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். கந்தகத் தூளை மட்டும் தொடாதீர்கள். மற்றப் பயிர்களில் சாம்பல் நோய்க்கு மருந்தாகும் அதே கந்தகம் வெள்ளரிக் குடும்பத்து இலைகளைக் கருக்கிவிடும்.

உரத்துக்கு, பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் போதுமானது. காய் பிடித்தபின் தழைச்சத்து மிகுந்த உரங்களைக் குறைத்து, கைப்பிடி சாம்பலை மண்ணில் கிளறிவிட்டால் சாம்பல் சத்து கிடைக்கும். நீரைப் பொறுத்தவரை, பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவே இருக்கிறது. இலை ஓரம் மட்டும் தீய்ந்து வருவது அதன் அறிகுறி. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றினாலும், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால் கிர்ணிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. உப்பே ஏறக்குறைய இல்லாதது. அதைப் பிடித்து வைத்துக் காலை நேரத்தில் வேர்ப்பகுதியில் ஊற்றலாம். வாளியை மூடி வையுங்கள். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

காய் ஆப்பிள் அளவு வந்ததும் கொடியின் மேல் அதன் எடை விழக்கூடாது. வெங்காயம் வரும் வலைப்பையைக் காய்க்கு மாட்டி, அதன் இரு முனைகளையும் மேல் கம்பில் கட்டுங்கள். பிஞ்சு பிடித்த நாளிலிருந்து 30 முதல் 40 நாட்களில் பழம் முதிரும். கடைசி ஒரு வாரம் நீரைக் குறைத்தால் இனிப்பு செறியும். ஆனால் கொடி வாடும் அளவுக்குக் காயப்போடக் கூடாது. காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு விரிசல் விழுந்து, லேசாகத் தொட்டாலே பழம் கழன்று வருவதுதான் சரியான பக்குவம். வாசனை மூக்குக்கு எட்டும். அணிலுக்கும் எட்டும் என்பதால் அந்த வாரம் வலை அவசியம். முன்கூட்டிப் பறித்து அரிசிப் பானையில் வைத்தால் பழம் மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு கூடாது. கிர்ணியில் சர்க்கரையாக மாறக் காத்திருக்கும் மாவுச்சத்து இல்லை.

சுவர் அத்தியும் ஐவியும்

ஐவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் உரியது; குளிர்ச்சியை விரும்புவது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுவரேறிச் செழிக்கக்கூடியதைச் சென்னைச் சுவரில் எதிர்பார்ப்பது வீண். நர்சரியில் தொங்கும் தொட்டியில் அழகாக இருப்பதைப் பார்த்து வாங்கினால், கிழக்குப் பார்த்த சன்னலுக்கு உட்புறம், நேரடி வெயில் படாமல் வையுங்கள். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தபின் மட்டுமே நீர் ஊற்றுங்கள். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் சிவப்புச் சிலந்திப்பூச்சி வந்து இலைகள் மங்கிப் புள்ளி விழும். வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தை நீரால் கழுவுவது அதைத் தடுக்கும். ஐவியின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். இலையும் கனியும் நஞ்சு. தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சுவரை மூட வேண்டும் என்றால் சென்னைக்குச் சுவர் அத்திதான். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த இது நம் வெக்கையிலும் கடற்காற்றிலும் நின்று பிடிக்கிறது. மழைக்காலத்தில் 10 முதல் 15 செண்டிமீட்டர் நீளத் துண்டுகளை வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈரமான மணல் கலவையில் ஊன்றினால் ஒரு மாதத்தில் வேர் விடும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் குழியெடுத்து நட்டு, தண்டைச் சுவரின் பக்கம் சாய்த்து விடுங்கள். வழுவழுப்பான வெளிப்புறப் பெயின்ட் அடித்த சுவரில் பற்றுவேர் எளிதில் ஒட்டாது. கரடான சிமென்ட் பூச்சோ கருங்கல்லோ இருந்தால் ஒட்டும். தொடக்கத்தில் மாலை வேளைகளில் சுவரையும் நனைத்துவிடுவது உதவும். முதல் ஆண்டு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். மூன்றாம் ஆண்டில் நீங்கள் கத்தரியோடு நிற்க வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் இங்கே கனமான கேள்வி. விரிசல் இல்லாத உறுதியான சிமென்ட் சுவருக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் உள்ள சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளில் இதை ஏற்றக் கூடாது என்றே நான் வற்புறுத்துவேன். வேர்கள் காரைக்குள் புகுந்து, மழைக்காலத்தில் ஈரத்தைத் தேக்கி, பூச்சைப் பெயர்த்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. காக்கையும் குயிலும் போட்ட எச்சத்திலிருந்து சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று இந்தப் பசுமைக்குள் மறைந்து, நாம் கண்டுகொள்வதற்குள் சுவரைப் பிளக்கும் அளவுக்கு வேர் விட்டிருக்கும். ஆகவே ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கவாத்து செய்யும்போது இலைகளை விலக்கிச் சுவரையும் பாருங்கள். சன்னல், ஏசியின் வெளிப்பெட்டி, மழைநீர்க் குழாய், மின் இணைப்பு ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டர் விலகியே கொடி நிற்க வேண்டும்.

வயது ஏறிய சுவர் அத்தி சுவரை விட்டு வெளியே நீளும் தடித்த கிளைகளை விடும். அவற்றில் இலை பல மடங்கு பெரிதாகி, சிறு பேரிக்காய் வடிவில் காய்களும் தொங்கும். தைவானில் இந்த இனத்தின் ஒரு வகையினது விதைகளை நீரில் கசக்கி ஜெல்லி செய்கிறார்கள் என்றாலும், நம் நர்சரிக் கொடியின் காய் உணவுக்கானதல்ல. அந்தக் கிளைகள் தலைகாட்டியவுடன் அடியோடு வெட்டினால் கொடி சின்ன இலைகளோடு சுவரை ஒட்டியே இருக்கும். வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொடி வேண்டாம் என்று முடிவெடுத்தால், பச்சையாக இருக்கும்போது இழுக்காதீர்கள், பூச்சும் கூடவே வரும். அடித்தண்டை வெட்டிவிட்டுச் சில வாரம் காயவிட்டு, பின் சிறு பகுதிகளாக எடுங்கள். ஒட்டிய வேர்களின் தழும்பு கம்பித் தூரிகையால் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

பசுமையும் வேண்டும், உண்ணவும் வேண்டும் என்றால்

மதிலின் மேல் கம்பி வேலி இருக்கிற வீடுகளுக்குக் கோவைக்கொடியைப் பரிந்துரைக்கிறேன். இலை ஐவியை நினைவூட்டும் அழகோடு இருக்கும். ஏறுவதோ கிர்ணியைப் போலப் பற்றுக்கம்பியால் என்பதால் சுவருக்குத் தீங்கில்லை. பல ஆண்டுகள் நிற்கும். ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனி என்பதால், விதையை நம்பாமல், காய்த்துக்கொண்டிருக்கும் கொடியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு தண்டை வெட்டி வாங்கி நடுங்கள். பறிக்காமல் விட்ட காய்கள் பழுத்துச் சிவக்கும். கொண்டைக்குருவிகள் தேடி வரும்.

இடம் குறைந்தவர்கள் ஆண்டைப் பிரித்துக்கொள்ளலாம். தையில் கிர்ணியை ஊன்றி, சித்திரைக்குள் பழத்தை எடுத்ததும், நோய் தாக்கிய கொடியை மக்கு உரக்குழியில் போடாமல் அகற்றிவிடுங்கள். பை மண்ணைக் கொட்டிக் கத்திரி வெயிலில் சில நாள் காயவிட்டு, புதிய உரம் கலந்து, ஆடியில் அவரையையோ புடலையையோ விதைக்கலாம். அடுத்த ஆண்டுக் கிர்ணியை அதே மண்ணில் போட வேண்டாம். வாடல் நோயின் பூஞ்சணம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். புடலையும் அதே வெள்ளரிக் குடும்பம் என்பதால், வாடல் நோய் வந்த பையில் அவரைதான் சரி.